வளவை விட்டுவிடுங்கள், வீட்டை உயர்த்துங்கள்

மட்டக்களப்பு நகரத்தைச் சுற்றி இப்போது பசுமை வீடுகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. கூரையில் சோலார் பனல், மேல்மாடியில் தொங்கும் பூச்சட்டிகள், எல்ஈடி விளக்குகள், வாசலில் இரண்டு அலங்காரப் பனைகள். இவற்றில் எதோடும் எனக்குப் பகை இல்லை. ஆனால் வீட்டுப் படம் வரைந்து பிழைக்கிறவனுக்குக் கண் முதலில் கூரைக்குப் போகாது. அந்த வீடு எழும்பியிருக்கும் நிலம் ஐந்து வருடத்துக்கு முன் என்னவாக இருந்தது? வயலா, பன் முளைத்த சதுப்பா, மாரியில் மட்டும் குளமாகும் பள்ளமா? அதற்குள் எத்தனை டிப்பர் கிரவல் மண் போனது? இதைக் கேட்டால் விற்பனைக்காரர் பூச்சட்டியைத்தான் மறுபடியும் காட்டுவார்.

எங்கள் ஊரின் கிடை அப்படி. கிழக்கே கடல். மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான வாவி. அதற்குப் பாலமீன்மடுப் பக்கம் ஒரு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொன்று. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அதன்மேல் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. பழைய நகரமான புளியந்தீவை நாலுபக்கமும் வாவி சூழ்ந்திருக்கிறது. வருடத்துக்குச் சராசரியாக 1,600 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அதே நாட்களில்தான் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்திலிருந்து முந்தனை ஆற்றின் வெள்ளமும் வாவிக்கு வந்து சேர்கிறது. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தால் வாவி ஏறும். வாவி ஏறினால் நகரத்து வடிகான்கள் தண்ணீரை வெளியே விடாது, உள்ளே எடுக்கும். திட்டை வெட்டிவிடும்வரை, அல்லது வாவி தானே வடியும்வரை, ஊரின் தண்ணீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும்.

அது காத்திருந்த இடங்களைத்தான் நாம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு எளிது. பத்துப் பேர்ச் வளவு என்பது 2,700 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அதை இரண்டடி உயர்த்த ஏறத்தாழ 54 கியூப் கிரவல் வேண்டும் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி). மூன்று கியூப் ஏற்றும் டிப்பர் என்றால் பதினெட்டு லோட். இதையே லீற்றரில் சொன்னால் ஒன்றரை இலட்சம். அதாவது, அந்த ஒரு வளவில் தேங்கி நின்றிருக்கக்கூடிய ஒன்றரை இலட்சம் லீற்றர் வெள்ளநீருக்கு இனி அங்கே இடமில்லை. தண்ணீர் குறைவதில்லை, பக்கத்து வளவுக்குப் போகிறது. ஒரு வீதியில் இருபது பேர் நிரப்பினால், நிரப்ப வசதியில்லாத இருபத்தோராவது வீட்டுக்காரர் எல்லோருடைய தண்ணீரையும் தன் குசினிக்குள் வாங்கிக்கொள்கிறார். அவர் வீடு பெரும்பாலும் பழைய வீடாக இருக்கும், அல்லது சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுக்கப்பட்ட சின்ன வீடாக இருக்கும்.

இதை எனக்கு ஒரு நூலும் சொல்லித் தரவில்லை. என்னிடம் வீட்டுப் படம் வரைவிக்க வந்த அக்கா ஒருவர் சொன்னார்: "தம்பி, பக்கத்து வளவுக்காரர் இரண்டடி உயர்த்திவிட்டார். நான் இரண்டரை அடி உயர்த்தாவிட்டால் அவருடைய தண்ணீர் எனக்குத்தான்." நான் கேட்டேன், "அப்படியென்றால் உங்களுக்குப் பின்வளவில் இருக்கிறவர் மூன்றடி உயர்த்த வேண்டுமே அக்கா?" அவர் யோசிக்கவே இல்லை. "அது அவருடைய பாடு." அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தனியாக முடிவெடுக்க விட்டால் எவரும் அப்படித்தான் முடிவெடுப்பார். ஒவ்வொருவரும் தன் வளவுக்குச் சரியானதைச் செய்ய, வீதி முழுவதும் பிழையாகிப்போகிறது.

2011 ஜனவரியில் இந்த மாவட்டம் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் கரையை ஒட்டி நகர்ந்தபோது அம்பாறைக் கரையோரமும் மட்டக்களப்பும் மறுபடியும் தண்ணீருக்குள் போயின. காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில், மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்கள் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதும் அந்த மழையில்தான். வயல்வெளியைக் குறுக்கறுத்துப் போகும் வீதி அது. வெள்ளம் வயலைக் கடக்கத்தான் செய்யும். சாய்ந்தமருதில் கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையே ஓடும் தோணாவைப் பார்த்தவர்களுக்கும் நான் விளக்கத் தேவையில்லை. ஊரின் இயற்கை வடிகால் அது. ஓரங்கள் நெருக்கப்பட்டு, நடுவில் குப்பை நிறைந்து, மழை வரும்போது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஆனால் நகரத்துக்குள் வளவுக்கு வளவு கிடக்கும் சிறு பள்ளங்களை வயல் என்று எவரும் சொல்வதில்லை. அவற்றின் பக்கம் பேச ஆளில்லை. கொழும்பு இந்தப் பாடத்தைப் பல வெள்ளங்களுக்குப் பிறகு படித்தது. மிஞ்சிய சதுப்புகளைக் காக்கத் தொடங்கி, 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் பெற்றது. ஈரநிலம் என்று பார்த்தால் கொழும்பு எங்கள் ஊரிடம் கடன் வாங்க வேண்டும்.

சரி, வெள்ளம் வரும் இடத்தில் வீட்டை எப்படிக் கட்டுவது? வளவை அப்படியே விட்டுவிட்டு வீட்டை உயர்த்த வேண்டும். பழைய கல்வீடுகளைப் பாருங்கள். முற்றம் வீதி மட்டத்தில் இருக்கும். விறாந்தைக்கு நாலைந்து படி ஏற வேண்டும். மழை முற்றத்தில் நின்று, மணலில் இறங்கி, இரண்டு மூன்று நாளில் காணாமல் போகும். மண்வீட்டுக்காரர்கூட திண்ணையைத்தான் உயர்த்தினார், வளவை அல்ல. இன்று அதைத் தூண்களில் செய்யலாம். நிலத்திலிருந்து மூன்று நாலு அடி உயரத்தில் கொங்கிறீட் தளம், கீழே காற்றும் தண்ணீரும் போகும் வெளி. வசதியுள்ளவர் முழு மாடி உயரத்துக்கு எழுப்பி, கீழ்ப்பகுதியை வாகனத்துக்கும் துணி காயவைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

செலவு கூடும் என்பார்கள். தூணும் விட்டமும் செலவுதான். ஆனால் 54 கியூப் கிரவலும், அதை நெருக்கும் செலவும், மண் சரியாமலிருக்க நாலு பக்கமும் கட்டும் மதிலும் இலவசமா? புதிதாய்க் கொட்டிய கிரவல் ஒரு மாரியாவது கிடந்து இறுக வேண்டும். பொறுமையில்லாமல் அதன்மேல் அத்திவாரம் போட்ட வீடுகளில் சுவர் வெடித்திருப்பதை எந்த மேசனும் காட்டுவார். படியேற முடியாத அம்மம்மாவுக்குச் சாய்வுப் பாதை வேண்டும். அதற்கு இடம் எடுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த கிரவல் எங்கோ ஒரு மேட்டை வெட்டித்தான் வருகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

பசுமைக் கட்டடம் என்றாலே நம் நாட்டில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டல். அமெரிக்காவின் பசுமைக் கட்டடச் சான்றான லீட் சான்றை அந்நாட்டுக்கு வெளியே பெற்ற முதல் ஹோட்டல் அது. எல்லோரும் அதன் சுவரில் படர்ந்த கொடியைப் படம் பிடிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கட்டடம் தூண்களில் நிற்பது: மலையிலிருந்து இறங்கும் மழைநீர் கட்டடத்துக்குக் கீழால் தன் வழியில் போய்விடும். கொடியை நகலெடுத்தவர்கள் பலர். தூணை நகலெடுத்தவர்களை எங்கள் பக்கம் நான் அதிகம் காணவில்லை.

அடுத்தது வெயில். மட்டக்களப்பு பூமத்தியரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கும். ஆகவே வீட்டைச் சுடவைப்பதில் முதலிடம் கூரைக்கு, இரண்டாமிடம் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு. வடக்கும் தெற்கும் ஒப்பீட்டளவில் சாந்தமானவை. வீட்டின் நீண்ட பக்கம் வடக்கும் தெற்கும் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கேதான் ஊரின் கிடை மறுபடியும் குறுக்கே வருகிறது. கல்லடியிலிருந்து கல்முனை நோக்கிப் போகும் பிரதான வீதி கரையோடு ஒட்டி ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. வீதிக்கு முகம் காட்டும் ஒவ்வொரு கடையும் கிழக்கையோ மேற்கையோ பார்த்தே ஆக வேண்டும். அந்த முகத்தில்தான் இப்போது இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடியும் அலுமினியத் தகடும் ஒட்டுகிறார்கள். மேற்கு பார்த்த கண்ணாடிக் கடைக்குள் பின்னேரம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்: ஏசி இரைந்துகொண்டிருக்கும், கண்ணாடிக்கு உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெளிச்சத்துக்காகக் கண்ணாடி போட்டு, வெயிலுக்காகத் தாள் ஒட்டி, இருட்டுக்காக விளக்குப் போடும் இந்தச் சுற்று எனக்கு விளங்கியதே இல்லை. பழைய கடைத்தெருவில் முன்னால் ஆறடி அகலத்தில் ஓட்டுத் தாழ்வாரம் இருந்தது. வாங்க வருகிறவருக்கு நிழல், மழைக்கு ஒதுங்க இடம், கடைச் சுவருக்குக் குளிர்ச்சி. வீதி அகலமானபோது அவற்றில் பல போய்விட்டன. திரும்பக் கட்டுவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

வீடுகளில் நான் செய்வது இதுதான்: மேற்குப் பக்கம் குளியலறை, களஞ்சிய அறை, மாடிப்படி, படுக்கை அறைக்கு மேற்குச் சுவர் கொடுப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கு யன்னல் அடுப்பு வாய்தான். கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது; அதற்கு உள்ளே வர ஒரு வழியும், சூடான காற்று மேலால் வெளியேற இன்னொரு வழியும் வைத்தால் மின்விசிறி போதும் என்று சொல்லும் வீடுகளை என்னால் காட்ட முடியும்.

கூரை என்றதும் அஸ்பெஸ்டஸ் சீட் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மலிவு, ஏற்றுவது சுலபம், ஆகவே எங்கும் அதுதான். அதன் தூசு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது உலகம் அறிந்தது. 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி, அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நம் கட்டுப்பாடு தள்ளிப்போடப்பட்டது. அவர்களின் தடையும் நீங்கியது. ஒரு வண்டு நம் தலைக்கு மேலிருக்கும் கூரையைத் தீர்மானித்தது. ஏற்கெனவே சீட் போட்டவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதை உடைக்காதீர்கள், துளைக்காதீர்கள், பாசியைக் கம்பித் தூரிகையால் உரசாதீர்கள், கீழே சீலிங் அடித்து, இடையில் காற்றுப் போக வழி விடுங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். மணல் நிலத்துக்குக் கீழே நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மறுபக்கம் பார்த்தால், மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு உவர்த்துப்போன கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று கணக்கில்லாமல் இறைத்ததில் சில இடங்களில் உப்பு இன்னும் ஏறியதும் இதனால்தான். அந்த நன்னீரை நிரப்புவது வானம் மட்டுமே. மழை மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

இறங்க விடுகிறோமா? வீடு கட்டும்போது வளவில் மூன்றில் ஒரு பங்கையாவது திறந்த வெளியாக விட வேண்டும் என்பது நகர விதி. விடுகிறார்கள். பிறகு அதன்மேல் மதில் முதல் மதில் வரை இன்டர்லொக் கல் பதிக்கிறார்கள். வானத்துக்குத் திறந்திருக்கிறது, மழைக்கு மூடியிருக்கிறது. கூட்டுவதற்கு இலகு என்று காரணம் சொல்வார்கள். முற்றத்து மணலை விடியற்காலையில் கூட்டி, தண்ணீர் தெளித்து வைத்த பெண்களின் பேத்திகள் இவர்கள் என்று சொல்ல வாயெடுப்பேன். அந்தக் கூட்டுகிற வேலையைச் செய்யாத ஆண்பிள்ளை நான் என்பதால் அடக்கிக்கொள்வேன். இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் கல்லும் மிச்சத்துக்குப் புல்லும் என்று படத்தில் போட்டுக் கொடுக்கிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது வேண்டும் என்று வழமையாகச் சொல்வோம். காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஆறு பேர்ச் வளவில் அந்த ஐம்பது அடியை எங்கே தேடுவது? உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருவதால் மட்டக்களப்புப் பக்கம் பல வீடுகள் கிணற்றை மறந்துவிட்டன. குழாய்த் தண்ணீர் நல்ல காரியம். ஆனால் குழியிலிருந்து கசிவது நிற்கவில்லை. நாம் குடிக்காததால் கவலைப்படாமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

மழைநீரைச் சேமிப்பது பற்றி 2005இலேயே தேசியக் கொள்கை வந்தது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதற்காகத் திருத்தப்பட்டது. வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் எங்கள் ஊர் மழை ஒரு வருடத்தில் ஒன்றரை இலட்சம் லீற்றர் அளவுக்கு விழுகிறது. மேலே கிரவலுக்குச் சொன்ன அதே ஒன்றரை இலட்சம். நாலு பேருள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றால், எட்டு மாத வறட்சிக்கும் 5,000 லீற்றருக்குக் குறைந்த தாங்கியே போதும். அஸ்பெஸ்டஸ் கூரையாக இல்லாமலிருப்பதும், முதல் மழையைக் கழித்துவிடும் குழாய் ஒன்று பூட்டுவதும் முக்கியம்.

மணலும் சீமெந்தும் பற்றி நீட்ட மாட்டேன். உலகின் கரியமில வாயுவில் ஏழெட்டு வீதம் சீமெந்திலிருந்து வருகிறது. மணலுக்காக ஆற்றங்கரைகளைத் தோண்டுவதால் படுவான்கரை விவசாயி படும் அல்லல் உள்ளூர்ச் செய்தியில் அடிக்கடி வருகிறது. 2022 நெருக்கடியில் சீமெந்து விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோதுதான் பலர் "இவ்வளவு பெரிய வீடு வேண்டுமா?" என்று என்னிடமே கேட்டார்கள். எந்தப் பசுமைப் பிரசாரமும் செய்யாததை அந்த விலை செய்தது.

ஆனால் வீண் என்று வந்தால் அரசாங்கங்களையும் கொடையாளிகளையும் வெல்ல ஆளில்லை. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற இனவாரிப் பிணக்கு நீதிமன்றம் வரை போய், வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்தன. எரித்த செங்கலும் கலந்த சீமெந்தும் ஒருவருக்கும் நிழல் தரவில்லை. பிறகு வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஒரு திட்டம் 2016 அளவில் வந்தது. ஒன்று 20 இலட்சம் ரூபாய்க்கு மேல். உருக்குப் பெட்டிக்குள் இந்த வெயிலில் எப்படி இருப்பது, உள்ளூர் மேசனுக்கும் ஓடாவிக்கும் என்ன வேலை என்று எதிர்ப்பு எழுந்து, அது கைவிடப்பட்டது. அதற்கு முன் இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் அளவில், வீட்டுக்காரர் கையில் தவணை தவணையாகக் காசு கொடுத்து அவரே கட்டிக்கொண்டார், 5,50,000 ரூபாய்தான். எல்லாம் குறையில்லாத வீடுகள் என்று சொல்லவில்லை, கடன்பட்டவர்களும் உண்டு. ஆனால் தன் வீட்டுக் கதவு எந்தக் காற்றைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவை தரச்சான்று கொடுக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு அது நல்ல ஒழுங்கு. எங்கள் ஊரில் எழும்பும் பத்துப் பேர்ச் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. அவர் கட்டாயம் போகும் இடம் ஒன்றுதான்: கட்டட அனுமதிக்காக மாநகர சபைக்கோ நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. ஆகவே எதையாவது மாற்றுவதென்றால் அந்த மேசையில்தான் மாற்ற வேண்டும். நான் இப்போது ஒவ்வொரு படத்திலும் வளவின் இன்றைய மட்டம், வீதியின் மட்டம், இரு பக்கத்து வளவுகளின் மட்டம் என நாலு எண்களை எழுதுகிறேன். எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். எவ்வளவு நிரப்பப் போகிறார், அந்தத் தண்ணீருக்கு எங்கே இடம் விட்டிருக்கிறார் என்று ஒரு வரி படிவத்தில் இருந்தால், என்னைப் போன்ற படவரைஞர்கள் எல்லோரும் அடுத்த மாதமே தூண் வீடு வரையப் பழகிவிடுவோம்.

ஏற்கெனவே பாதி நிரம்பிய வீதிகளில் இது நியாயமா என்று கேட்பார்கள். நிரப்பியவர் தப்பினார், நிரப்பாதவருக்குச் சட்டமா? அந்தக் கோபம் சரியானது. அதற்கும் வழி இருக்கிறது. வீட்டுக்காகச் சபைக்குக் கட்டும் வருடத்துச் சோலைவரியை ஜனவரி 31க்குள் மொத்தமாகக் கட்டுகிறவருக்குச் சபைகள் 10 வீதம் கழிவு தருகின்றன. தன் வளவைப் பள்ளமாகவே விட்டு, வீதியின் தண்ணீரை மூன்று மாதம் தன் காணியில் நிற்க வைக்கிறவருக்கும் ஒரு கழிவு கொடுக்கட்டும். ஊருக்காக அவர் ஒரு குளம் வைத்திருக்கிறார். அதற்கு வாடகை கேட்க அவருக்கு உரிமை உண்டு.